டவுன் பழைய சாமான் கடையும் எகிப்து மெடலும்

பழைய காசு, முத்திரை சேக்கிற ஆக்கள் மட்டக்களப்பு கோட்டைப் பக்கம் இரிக்கிற அந்தச் சின்னக் கடைக்கு ஒருக்காப் போய்ப் பாருங்க, வெளியால பாத்தா ஒண்டும் இரிக்காது எண்டுதான் நினைப்பீங்க.

நான் எடுத்தது விக்டோரியா காலத்து எகிப்து மெடல், எகிப்து சண்டைக்குப் போன பிரிட்டிஷ் படை ஆக்களுக்குக் குடுத்தது, வெள்ளி, ஒரு பக்கம் ராணி தலை மறுபக்கம் ஸ்பிங்ஸ், கீழ 1882 எண்டு இரிக்கு, 1882ல போனவங்களுக்குத்தான் அந்த வருசம் போட்டது, பிறகு போன ஆக்களிட மெடல்ல வருசம் இல்ல. மேல ரிப்பன்ல 'அலெக்சாண்ட்ரியா 11 ஜூலை' எண்டு எழுதின உலோகப் பட்டி வேற, அண்டைக்குப் பிரிட்டிஷ் கப்பலுகள் அந்த ஊர்க் கோட்டைகளுக்கு குண்டடிச்ச நாள். ரிப்பன் மூணு நீலம் ரெண்டு வெள்ளை, புதுசு மாத்தினதாம், பரவால்ல.

எனக்குப் புடிச்சது கூடக் குடுத்த சேவைப் பதிவுக் கொப்பிதான். மெடல் வாங்கின ஆள் பொடியனாக் கடற்படையில சேந்து, மாலுமியாகி, மறுகா கோஸ்ட்கார்டுல, அதான் கரையோரக் காவல்ல, போட்மேன். 1856ல இரிந்து கோஸ்ட்கார்ட் சுங்கத்த விட்டு கடற்படைக்குக் கீழ வந்ததால கப்பல்காரர் கரைக்கு மாறுறது அப்ப வழமை, சண்டை வந்தா திரும்பக் கப்பலுக்குக் கூப்பிடுவாங்க.

ஒரு குறை, முதலாளி பிராஸோ போட்டு நல்லாத் தேச்சிட்டார், விளிம்புல வெட்டின பேரும் கப்பல் பேரும் லென்ஸ் வெச்சாத்தான் தெரியுது. கேட்டா "பளபளப்பா இரிந்தாத்தானே தம்பி விக்கும்" எண்டார், என்னத்தச் சொல்ல! விலையும் கொஞ்சம் கூட, பேசினாக் குறைப்பார். 5க்கு 4 குடுக்கலாம், வாங்கினா தேய்க்க வேணாம் எண்டு முதல்லயே சொல்லிருங்க.