"ரீஜென் வீக்"னு சொல்லி 18,500 ரூபாய் கறந்துட்டாங்க: சென்னை இவி ஓட்டுறவங்க கவனிங்க

ஓஎம்ஆர் பக்கம் எல்லா கம்பெனி எலெக்ட்ரிக் காரும் பார்க்குற ஒரு தனியார் ஒர்க்‌ஷாப். பேர் போடல. போனது 18,500 ரூபாய்.

ரீஜென்னா, ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடிச்சு, அந்தச் சக்தியைப் பேட்டரிக்கு அனுப்புறது. லெவல் 0-ன்னா இழுப்பு இல்ல, 3-ன்னா அதிகம். என் கம்ப்ளெயின்ட் ரெண்டுதான். ராத்திரி ஃபுல் சார்ஜ் போட்டுக் காலையில எடுத்தா, லெவல் 3-லயும் வண்டி இழுத்துப் பிடிக்கல. ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா வழுக்கிட்டுப் போகுது. மழை பெஞ்ச மறுநாள் பிரேக்ல கர்ர்னு சத்தம்.

அங்க இருந்த மெக்கானிக் ஓபிடி போர்ட்ல (வண்டியோட கோளாறைப் படிக்கிற சாக்கெட்) ஸ்கேனரைச் சொருகி லேப்டாப்புல கிராஃப் காட்டினான். காலை எடுக்குறப்போ ரீஜென் கிட்டத்தட்ட பூஜ்யம். "பாருங்க சார், ரீஜென் யூனிட் வீக். பிரேக் டிஸ்க்கும் துரு. கத்திப்பாரா இறக்கத்துல நிக்காது." கண்ணு முன்னாடி எண் தெரியுது, எவன் சந்தேகப்படுவான்? அதுதான் தூண்டில். எண் நிஜம், காரணம் பொய்.

100 சதவீதத்துல கரண்ட்டை வாங்கிக்க பேட்டரில இடம் இல்ல. அதனால பேட்டரி மேனேஜ்மென்ட் சிஸ்டமே ரீஜெனைக் குறைக்கும். ஓடிச் சார்ஜ் இறங்கினதும் தானா திரும்பும். 'ரீஜென் யூனிட்'னு தனியா ஒரு பாகமே கிடையாது. வண்டியை ஓட்டுற மோட்டாரே ஜெனரேட்டராகுது, இன்வெர்ட்டர் அதைப் பேட்டரிக்கு அனுப்புது, எவ்வளவுங்கறது கம்பெனி சாஃப்ட்வேர் கையில. துருவா? ரீஜென்லயே வேகம் குறையறதால பிரேக் பேட் டிஸ்க்கைத் தொடுறதே கம்மி. மழையும் கடல்காத்தும் சேர்ந்தா ஒரே ராத்திரியில செம்மண் நிறம். நாலு தடவை அழுத்திப் பிடிச்சா போயிடும்.

பில்லு: 'ரீஜென் கேலிபரேஷன்' 7,000, முன்பக்க டிஸ்க், பேட் 11,500. அடுத்த ஃபுல் சார்ஜ்ல அதே வழுக்கல். போன் பண்ணா "செட் ஆக ஒரு வாரம் ஆகும் சார்". அப்புறம் "ஓனர் ஊருக்குப் போயிருக்கார்". அப்புறம் "சாஃப்ட்வேர் வேலைக்கு ரிட்டர்ன் இல்ல". பழைய டிஸ்க்கைக் கேட்டா ஸ்கிராப்புக்குப் போயிடுச்சாம். இப்போ வாட்ஸ்அப்புல ப்ளூ டிக் மட்டும்தான். 18,500 ரூபாய்க்கு எத்தனை மாசம் வீட்டுல சார்ஜ் போட்டிருக்கலாம்!

ரீஜெனைச் சோதிக்கிறது எப்படின்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், கோவத்துல முடியல. சுருக்கமா:

சார்ஜ் 70 சதவீதத்துக்குக் கீழ வந்ததும் ஓட்டிப் பாருங்க. அப்பவும் பிடிக்கலைன்னா நேரா கம்பெனி சர்வீஸ், வாரண்டி இருக்கு.

டிஸ்க் மாத்தணும்னு சொன்னா, அதுலயே பொறிச்சிருக்குற குறைந்தபட்ச தடிமனோட ஒப்பிட்டு அளந்து காட்டச் சொல்லுங்க. பேட் 3 மி.மீ.க்கு நல்லா மேல இருந்தா ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. பெசன்ட் நகர், ஈசிஆர் பக்கம் இருக்கிறவங்க கேலிபர் (பேடை டிஸ்க் மேல அழுத்துற பாகம்) நகர உதவுற ஸ்லைடு பின்னைச் சுத்தம் பண்ணி கிரீஸ் போடச் சொல்லுங்க. நிஜமா இறுகிக்கிறது அங்கதான்.

துருவைத் தேய்க்க ரீஜெனை லெவல் 0-ல வச்சா மட்டும் போதாது, சில வண்டில பிரேக் பெடலே முதல்ல ரீஜெனைத்தான் கூப்பிடும். ஃபுல் சார்ஜ்ல, பின்னால வண்டி இல்லாதப்போ பிரேக்கை அழுத்துங்க.

1915 நுகர்வோர் உதவி எண்ல புகார் கொடுத்தாச்சு. பில்லைத் தூக்கிப் போட்டுடாதீங்க, முதல்ல அதைத்தான் கேட்பாங்க.