சீலியாக் வீட்டுக்கு எந்தப் பெருங்காயம்?

கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் சேதமாகும் நோய் சீலியாக். அது இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்த மறுநாளே சப்பாத்தி மாவு, ரவை, சேமியா எல்லாம் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடும். ஹார்லிக்ஸ் பாட்டிலும் போகும். அதில் கோதுமையும் பார்லி மால்ட்டும் இருப்பதை யாராவது சொல்லியிருப்பார்கள். அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெருங்காய டப்பாவை மட்டும் யாரும் தொடுவதில்லை. 'நாமதான் அரிசிச் சோறு சாப்பிடுறவங்களாச்சே' என்ற தைரியம். கோதுமையை விட்டு ஒரு வருடம் ஆகியும் சீலியாக்குக்கான ரத்தச் சோதனையில் டி.டி.ஜி எண் இறங்க மறுக்கிறது என்றால், தமிழ்ச் சமையலறையில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த டப்பாவைத்தான்.

கடையில் சாதாரணமாகக் கிடைப்பது கூட்டுப் பெருங்காயம். ஈரான், ஆப்கானிஸ்தான், உஸ்பெகிஸ்தான் பக்கமிருந்து வரும் பிசின் அப்படியே விற்க முடியாத அளவுக்குக் காட்டமானது, கையில் ஒட்டும். அதனால் அதோடு கருவேலம் பிசின் வகையும் மாவும் சேர்த்துப் பிசைந்து கட்டியாகவோ தூளாகவோ ஆக்குகிறார்கள். சேர்க்கும் மாவு பெரும்பாலும் மைதா. இது கலப்படம் இல்லை, சட்டம் அனுமதிக்கும் தயாரிப்பு முறை. கூட்டுப் பெருங்காயத்தில் ஆல்கஹாலில் கரையும் சாரம் 5 சதவீதம் இருந்தாலே மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ-யின் தரத்துக்குப் போதும். கூட்டாத பெருங்காயத்துக்கு அது 12. 'கட்டிப் பெருங்காயம்தான் சுத்தம், தூளில்தான் மாவு' என்று ஒரு நம்பிக்கை உண்டு. தவறு. டப்பாவில் வரும் கட்டியும் கூட்டுதான்.

'ஒரு சிட்டிகையில் என்ன வந்துவிடப் போகிறது' என்பவர்களுக்கு ஒரு கணக்கு. நான்கு பேருக்கு ஒரு லிட்டர் சாம்பார். அதில் கால் டீஸ்பூன் தூள், ஏறக்குறைய 0.7 கிராம். அதில் பாதி மைதா என்று வைத்துக்கொண்டால் 0.35 கிராம். மைதாவில் சுமார் 8 சதவீதம் குளூட்டன், ஆக 28 மில்லிகிராம். ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருந்தால்தான் 'குளூட்டன் ஃப்ரீ' என்று எழுத முடியும்; வீட்டுச் சாம்பார் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. ஆளுக்கு 7 மில்லிகிராம். சீலியாக் உள்ளவருக்கு நாள் முழுவதும் சேர்த்தே 10 மில்லிகிராமுக்குள் நிற்க வேண்டும் என்பார்கள். தினம் 50 தொடர்ந்தால் குடல் உறிஞ்சிகள் சிதைவது ஆய்வில் தெரிந்த விஷயம். சாம்பாரோடு நாம் நிறுத்துகிறோமா? ரசம், மோர், ஊறுகாய், அப்பளம், இட்லிப் பொடி என்று எல்லாவற்றிலும் பெருங்காயம் உண்டு. வயிறு வலிக்கவில்லை, பேதி இல்லை என்பதும் ஆறுதல் ஆகாது. அறிகுறி ஒன்றும் காட்டாமலே உள்ளே சேதம் நடக்கும். ஆகவே மைதா போட்ட கூட்டுப் பெருங்காயம், எவ்வளவு நல்ல மணமாக இருந்தாலும், இந்த வீட்டுக்கு ஆகாது.

இரண்டாவது, அரிசி மாவில் கூட்டிய தூள். 'குளூட்டன் ஃப்ரீ' என்று போட்டு ஆன்லைனிலும் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளிலும் கிடைக்கிறது. புதிதாகச் சீலியாக் தெரிந்தவர்களுக்கு இதைத்தான் சொல்வோம். வழக்கமான அளவிலேயே போடலாம், கை பழக வேண்டியதில்லை. ஆனால் முன்பக்க எழுத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பின்னால் சேர்மானப் பட்டியல் எடை வரிசையில் இருக்கும், அதிகமானது முதலில். பல டப்பாக்களில் மாவும் பிசினும் முன்னால் நிற்க, பெருங்காயம் பின்னால் வரும். மாவு எது என்று பெயர் சொல்லியிருக்க வேண்டும். வெறுமனே 'ஸ்டார்ச்' என்றால் வைத்துவிடுங்கள். அடியில் ஒவ்வாமை எச்சரிக்கையில் கோதுமை என்ற சொல் வந்தாலும் வைத்துவிடுங்கள். ஒரே கம்பெனி இரண்டு வகையும் ஒரே நிற டப்பாவில் போடுவது உண்டு, அதனால் ஒவ்வொரு தடவையும் படிக்க வேண்டும். உதிரியாக நிறுத்துக் கொடுக்கும் தூள் வேண்டவே வேண்டாம். குறை என்று பார்த்தால், மோரில் கலக்கினால் அரிசி மாவு அடியில் போய் உட்காரும். காய்ந்த எண்ணெயில் நேராகப் போட்டால் நொடியில் கருகும். அடுப்பை அணைத்த பிறகு தாளிப்பில் போடுங்கள்.

மூன்றாவது பால் பெருங்காயம். கூட்டுச் சேர்க்காத பிசின், நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். விலை பல மடங்கு, ஆனால் செலவாவது கொஞ்சம்தான். வெட்டிய இடம் பால் வெள்ளையாக இருந்து, காற்றுப் பட்டு மெல்லச் சிவந்து பழுப்பாகும். கொளுத்தினால் கற்பூரம் மாதிரி நின்று எரிய வேண்டும். எரிந்துவிட்டால் மட்டும் போதாது. சீலியாக் வீட்டுக்கு இன்னொரு சோதனையும் வேண்டும். துளியூண்டு பிசினை வெந்நீரில் கரைத்து, ஆறவிட்டு, காயத்துக்குப் போடும் அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமானால் மாவு கலந்திருக்கிறது, திருப்பிக் கொடுங்கள். இந்தச் சோதனை அரிசி மாவுக்கும் நீலம் காட்டும் என்பதால் மேலே சொன்ன தூளுக்கு உதவாது. மாவே இருக்கக் கூடாத பிசினுக்குத்தான் பொருந்தும்.

பால் பெருங்காயத்தில் எல்லோரும் சறுக்கும் இடம் அளவு. நான்கு பேர் சாம்பாருக்கு ஒரு பச்சைப்பயறு அளவு போதும். பழைய பழக்கத்தில் சுண்டைக்காய் அளவு கிள்ளிப் போட்டால் குழம்பு மருந்தாகிவிடும். மிதமான சூட்டில் எண்ணெயில் போட்டதும் நுரைத்துப் பொரியும், அப்போது எடுத்து நசுக்கிக்கொள்ள வேண்டும். எண்ணெய் புகைந்தால் கறுத்துக் கசக்கும். ரசத்துக்கும் மோருக்கும் கொண்டைக்கடலை அளவு துண்டைக் கால் கப் வெந்நீரில் ராத்திரி ஊறப்போட்டு வடிகட்டி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாலு நாள் ஸ்பூன் ஸ்பூனாக விடலாம். வெள்ளை வகை தண்ணீரில் நன்றாகக் கரையும், சிவப்பு வகைக்கு எண்ணெய்தான் சரி.

தூளாகவே வேண்டும் என்றால் வீட்டிலேயே கூட்டிக்கொள்ளலாம். 10 கிராம் பிசினைப் பட்டாணி அளவில் பிய்த்து, அடி கனமான வாணலியில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, சிறு தீயில் பொரியும்வரை புரட்டுங்கள். நன்றாக ஆறட்டும். சூட்டோடு அரைத்தால் மிக்ஸி பிளேடில் அரக்கு மாதிரி ஒட்டிக்கொள்ளும், பிறகு ஜாரைச் சுரண்ட வேண்டியதுதான். பச்சரிசியைக் கழுவி உலர்த்தி மிக்ஸியில் அரைத்து வறுத்த மாவு 40 கிராம் சேர்த்து ஓட்டுங்கள். கடை அரிசி மாவு வேண்டாம், மில்லில் கோதுமைக்கு அடுத்து அரைத்ததாக இருக்கலாம். சாம்பார் பொடியை மில்லுக்கு அனுப்புவதற்கும் இதே காரணத்தால் முழுக்குப் போட வேண்டியதுதான். தூளைக் கண்ணாடிப் புட்டியில், இறுக்கமான மூடியோடு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கட்டி தட்டும். நாலு அரிசி மணி போட்டால் கொஞ்சம் தாங்கும்.

காலிப் பெருங்காய டப்பா என்று ஆளைக் கேலி செய்வோமே, அது இங்கே நிஜமாகவே பொருந்தும். தீர்ந்த டப்பாவில் வாசனை மட்டுமல்ல, மூலை முடுக்கில் மைதாவும் இருக்கும். புதிய தூளை அதில் கொட்டாதீர்கள். அந்த டப்பாவுக்குள்ளேயே கிடந்த ஸ்பூனையும் மாற்றுங்கள்.

மூன்றில் எது? அவசரத்துக்குத் தூள், வத்தக்குழம்புக்கும் புளிக்காய்ச்சலுக்கும் பால் பெருங்காயம். இரண்டும் கிடைக்காத ஊரில் பெருங்காயமே இல்லாமல் பூண்டும் சீரகமும் வைத்து ஓட்டலாம், உடம்புக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இமாச்சலின் லாஹவுல் பள்ளத்தாக்கில் 2020 அக்டோபரில் பெருங்காயச் செடி நட்டிருக்கிறார்கள். பலன் தர வருடக்கணக்கில் ஆகும் செடி அது. அதுவரை இறக்குமதிப் பிசின்தான், விலையும் அப்படித்தான்.

சீலியாக் சந்தேகம் மட்டும் இருந்து, இன்னும் ரத்தம் கொடுக்காதவர்கள் இதைப் படித்துவிட்டு டப்பாவைத் தூக்கிப் போட வேண்டாம். கோதுமையையும் நிறுத்த வேண்டாம். டி.டி.ஜி ஐ.ஜி.ஏ, கூடவே மொத்த ஐ.ஜி.ஏ என்ற ரத்தச் சோதனைகள், தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பியில் சிறுகுடல் சதை சோதனை, எல்லாம் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் சரியாகக் காட்டும். முன்கூட்டியே நிறுத்தினால் எண் இறங்கி, நோய் இல்லை என்று பொய் ரிப்போர்ட் வரும். பிறகு வாரக்கணக்கில் கோதுமையைத் திரும்பச் சாப்பிட்டு மறுபடி சோதிக்க வேண்டியிருக்கும்.

வெளியே சாப்பிடுவதில் பெருங்காயத்தைத் தப்பிக்க வழி குறைவு. ஹோட்டல் சாம்பார், பெருமாள் கோவில் புளியோதரை, கல்யாணப் பந்தியில் கடைசியில் வரும் தயிர்சாதம்கூடத் தாளித்ததுதான். தோசைக் கல்லில் முன்னால் ரவா தோசையோ பரோட்டாவோ போயிருக்கும். ஆவியில் வெந்த அரிசி இட்லி இரண்டு, தாளிக்காத தேங்காய்ச் சட்னி என்று கேளுங்கள். 'தாளிக்காமலா?' என்று சர்வர் ஒரு மாதிரிப் பார்ப்பார். அதற்காகப் பையில் வீட்டு இட்லிப் பொடியும் சின்னப் புட்டியில் நல்லெண்ணெயும் இருக்கட்டும்.