ஆபீஸ் அறையை அளக்கும் அளவுகோல்: ‘பாஸ்’ எப்படி?

மழலையர் மையத்தின் தரம் என்றால் எல்லாரும் வகுப்பறையைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். நிர்வாகத்தை அளக்கிற கருவிகள் குறைவு. புரோகிராம் அட்மினிஸ்ட்ரேஷன் ஸ்கேல், சுருக்கமாக பாஸ், அதற்கென்றே அமெரிக்காவில் 2004-ல் வந்தது. உருவாக்கியவர்கள் டெரி டாலன், பவுலா ஜோர்ட் ப்ளூம். இந்த மதிப்புரை 2011-ல் வந்த இரண்டாம் பதிப்பைப் பற்றியது: 10 பிரிவுகள், 25 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண்.

மதிப்பெண் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் இதைத் தொடாதீர்கள். ஒவ்வொரு அம்சத்திலும் 1, 3, 5, 7 என்ற எண்களின் கீழ் சரிபார்க்க வேண்டிய வரிகள் இருக்கும். 1-ன் கீழ் இருப்பவை குறைகள். அதில் ஒன்று இருந்தாலே அந்த அம்சத்துக்கு 1-தான், மேலே எத்தனை நல்லது செய்திருந்தாலும். குறை எதுவும் இல்லாமல் 3-ன் கீழ் இருப்பதில் பாதியாவது தேறினால் 2, முழுதும் தேறினால் 3. மேலே ஏறவும் இதே விதி. ஒரே ஒரு ஓட்டை அந்த அம்சம் மொத்தத்தையும் கீழே இழுத்துவிடுவதால், 25 அம்சங்களின் சராசரியைப் பார்த்துத் திருப்திப்படுவது வீண். 1, 2 வாங்கிய அம்சங்களைத் தனியே எடுத்து வைத்துப் பாருங்கள்.

மையத்தின் இயக்குநரிடம் பேட்டி எடுத்து, அவர் சொன்னதை ஆவணங்களோடு ஒத்துப் பார்ப்பதுதான் முறை. சறுக்குவதும் இங்கேதான். பணியாளர் மதிப்பீட்டுக்கு வெற்றுப் படிவத்தைக் காட்டினால் ஏற்காதீர்கள். நிரப்பி, தேதியிட்டு, கையெழுத்தானதைக் கேளுங்கள். ஆசிரியர்களுக்குச் சம்பளத்தோடு திட்டமிடும் நேரம் உண்டா என்பதும் ஒரு கேள்வி. அட்டவணையில் பகல் 1 மணிக்கு அப்படியொரு கட்டம் இருக்கும். அதே நேரத்தில் தூங்கும் அறையில் ஆசிரியர் ஒரு கையால் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டு, மறு கையால் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருப்பார். அது திட்டமிடும் நேரம் ஆகாது. அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள்.

குறை இல்லாமல் இல்லை. ஆசிரியர்களின் குரல் இதில் அநேகமாகக் கேட்காது. இயக்குநர் ஊழியரிடம் எப்படிப் பேசுகிறார், கோபத்தில் என்ன செய்கிறார் என்பதெல்லாம் பிடிபடாது. பெயர் போடாமல் எழுதும் ஒரு பக்க ஊழியர் கருத்துத்தாளைச் சேர்த்துக்கொண்டால் இது ஓரளவு சரியாகும். தொழில்நுட்பப் பிரிவு பழசாகிவிட்டது. வீட்டிலேயே நடத்தும் சிறு காப்பகத்துக்கு இது பொருந்தாது. அதற்கு பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன் ஸ்கேல் என்று தனியே இருக்கிறது.

வாங்கலாம். ஆனால் 25-ஐயும் ஒரே வருடத்தில் திருத்தக் கிளம்ப வேண்டாம். பணியாளர் அறிமுகப் பயிற்சி, மேற்பார்வை, பணி நேரம் ஆகிய மூன்றை முதலில் எடுங்கள். ஆசிரியர்கள் வேலையை விட்டுப் போவதில் இந்த மூன்றுக்கும் பங்கு உண்டு.