நுரைக்கு எந்த வாயு: பென்டேனா, கார்பன் டை ஆக்சைடா?

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மீன் வைக்கும் வெள்ளை தெர்மாகோல் பெட்டியின் ஓரத்தைக் கிள்ளிப் பாருங்கள். சின்னச் சின்ன மணிகளாக உதிரும். அந்த மணிகளை ஊதிப் பெருக்கியது பெரும்பாலும் பென்டேன். 36 டிகிரியிலேயே கொதித்துவிடும், தீப்பொறி பட்டால் குப்பென்று பற்றும். கிடங்கில் காற்றோட்டம் இல்லையென்றால் தூக்கம் வராது.

எரியாத கார்பன் டை ஆக்சைடு இதற்குப் போட்டி. 31 டிகிரி வெப்பமும் 73.8 பார் அழுத்தமும் தாண்டினால் அது சூப்பர்கிரிட்டிகல் ஆகிவிடும்: அடர்த்தி திரவத்தை ஒட்டி, பரவும் வேகம் வாயுவை ஒட்டி. நம் ஊர் மத்தியான வெயிலில் அந்த 31 டிகிரி சும்மாவே கிடைக்கும். துவாஸ் தொழிற்பேட்டையில் வெயில் படும் இடத்தில் மாட்டியிருக்கும் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் உருளைக்குள்ளேயே இந்த நிலை வந்துவிடலாம்! செலவு வைப்பது அழுத்தம்தான். கார் டயரில் இருப்பதைப் போல சுமார் 30 மடங்கு. பம்பு, குழாய், வால்வு எல்லாமே அதைத் தாங்க வேண்டும்.

தெர்மாகோலின் மூலப் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனை உருக்கி, அதற்குள் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தினால் அது இன்னும் இளகும். அழுத்தத்தைச் சட்டென்று விட்டதும் உள்ளே குமிழ்கள் கிளம்பும். டௌ என்ற அமெரிக்க வேதிப்பொருள் நிறுவனம் முழுக்க இந்த வாயுவை வைத்தே பாலிஸ்டைரீன் நுரைத் தகடு செய்து காட்டி, 1996இல் அமெரிக்காவின் பசுமை வேதியியல் விருது வாங்கியது. தகடுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் மீன் பெட்டிக்கு? அங்கேதான் இடிக்கிறது. பென்டேன் ஏற்றிய மணியை ஊதாமலேயே கப்பலில் அனுப்பலாம், வாரக்கணக்கில் வாயு உள்ளேயே இருக்கும். கார்பன் டை ஆக்சைடு ஏற்றிய மணியோ மூடி திறந்த சோடா பாட்டில் மாதிரி. ஊதும் ஆலைக்கு வந்து சேர்வதற்குள் பாதி வாயு போயிருக்கும். பாலிப்ரொப்பிலீன் என்ற வேறு பிளாஸ்டிக்கின் மணிகளை அதனால்தான் ஆட்டோகிளேவ் என்னும் அழுத்தக் கலனில் கார்பன் டை ஆக்சைடு கொடுத்து அங்கேயே ஊதிவிடுகிறார்கள். அப்புறம் லாரி நிறைய ஏற்றினாலும் சுமப்பது பெரும்பாலும் காற்றைத்தான்.

நைட்ரஜனையும் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக்கில் கரைவது கார்பன் டை ஆக்சைடைவிட மிகக் குறைவு, ஆனால் குமிழ்கள் பொடிப்பொடியாக வரும். அச்சில் வார்க்கும் கார் பாகங்களுக்கு அது போதும்; எடையை நிறையக் குறைக்க வேண்டுமென்றால் போதாது.

மீன் பெட்டி செய்பவர் என்னிடம் கேட்டால், இப்போதைக்குப் பென்டேனை விட வேண்டாம், கிடங்கில் இன்னும் இரண்டு எக்ஸாஸ்ட் விசிறி மாட்டுங்கள் என்றுதான் சொல்வேன்.