பி.காம்., பி.பி.ஏ., ஐ.பி.எம்., டெல்லி: அக்கா மகளுக்காகப் போட்ட கணக்கு

"மாமா, பி.காமா பி.பி.ஏ.வா? ஒரே வார்த்தையில சொல்லுங்க." அரையாண்டு லீவில் வந்திருந்த அக்கா மகள் கேட்டாள். திருப்பூரில் ஆடிட் ஆபீஸ் வைத்திருப்பவன் வாயிலிருந்து பி.காம் என்றுதான் வரும் என்பது அவளுக்குத் தெரியும். அம்மாவிடம் சொல்ல ஒரு சாட்சி தேவைப்பட்டது, அவ்வளவுதான். நான் பதில் சொல்லவில்லை. "பதினொண்ணாவதுல நாலாவது பாடம் என்ன எடுத்தே?" என்று திருப்பிக் கேட்டேன்.

இந்தப் பேச்சை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நம் வணிகவியல் குரூப்பில் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் மூன்றும் பொதுவாக எல்லோருக்கும் உண்டு. நாலாவதாக வணிகக் கணிதம் எடுத்தவர்களும் இருக்கிறார்கள், கணினிப் பயன்பாடு எடுத்தவர்களும் இருக்கிறார்கள். கணக்குக்குப் பயந்து கணினிப் பக்கம் ஒதுங்கியவர்களுக்கு உள்ளூர்க் கல்லூரிகளில் ஒரு குறையும் இல்லை. ஆனால் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகப் பட்டப் படிப்பான பி.எம்.எஸ்.ஸுக்குக் கணிதத் தாள் கட்டாயம். இந்தூரில் இருக்கும் மத்திய அரசு மேலாண்மை நிறுவனமான ஐ.ஐ.எம். நடத்தும் ஐ.பி.எம். நுழைவுத் தேர்விலோ மூன்றில் இரண்டு பகுதி கணக்குதான். இவள் வணிகக் கணிதம் எடுத்திருந்தாள். அதனால் பி.காம்., வணிக நிர்வாகம் படிக்கும் பி.பி.ஏ., ஐ.பி.எம்., டெல்லி என்ற நான்கு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

முதலில் ஐ.பி.எம். பெற்றோர் கண்ணில் நட்சத்திரம் மின்னுவது இதற்குத்தான். ஐ.ஐ.எம். இந்தூர் 2011-ல் தொடங்கிய ஐந்தாண்டுப் படிப்பு. 2019-ல் ரோத்தக்கும் தொடங்கியது. ஜம்முவுக்கும் புத்தகயாவுக்கும் சேர்த்து ஜிப்மேட் என்று தனித் தேர்வு இருக்கிறது. பிளஸ் டூ முடித்த கையோடு உள்ளே போனால், மதிப்பெண் வரம்பைக் காப்பாற்றிக்கொள்கிறவரை எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வான கேட் எழுதாமலேயே எம்.பி.ஏ. வரை போய்விடலாம். லட்சக்கணக்கானவர்கள் இருபத்திரண்டு வயதில் மோதும் கதவை இவர்கள் பதினேழிலேயே தாண்டிவிடுகிறார்கள். அது சின்ன விஷயமில்லை.

விலைதான் பிரச்சினை. இந்தூரில் ஐந்து வருஷமும் சேர்த்துப் பார்த்தால் முப்பது லட்சத்தைத் தாண்டும். எம்.பி.ஏ. தனக்குப் பிடிக்குமா என்றே தெரியாத வயதில் அந்த எம்.பி.ஏ.வுக்கும் சேர்த்து முன்பணம் கட்டுவது மாதிரி இது. மூன்றாம் ஆண்டோடு பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வரலாம் என்பது உண்மை. ஆனால் அப்படி வந்தவரின் கையில் இருப்பது மூன்றாண்டுப் பட்டமும், அதற்குக் கட்டிய ஐ.ஐ.எம். கட்டணமும். கணக்கை விளையாட்டாகப் போடுகிற பிள்ளையாக இருந்து, கல்விக் கடன் என்றால் வீடு நடுங்காமலும் இருந்தால் தாராளமாக எழுதட்டும். இந்தூர் தேர்வில் ஒவ்வொரு பகுதிக்கும் நாற்பது நிமிஷம். ஒன்றில் மிச்சமாகும் நேரத்தை இன்னொன்றில் செலவழிக்க முடியாது. விடையை நாமே கணக்கிட்டு எழுதும் பகுதியில் தப்பானால் மதிப்பெண் கழியாது, அதனால் அங்கே எதையும் விடாமல் எழுத வேண்டும். ஆறு மாதமாவது தனியாக உழைக்காமல் இது கைகூடாது. பிளஸ் டூ பாடப் புத்தகம் மட்டும் போதாது.

டெல்லி வழியை நம் ஊரில் அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. எனக்கு இதில் ஆச்சரியம், கொஞ்சம் வருத்தமும் உண்டு. ஒரு காலத்தில் பேசினார்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீராம் காலேஜ் ஆஃப் காமர்ஸில் பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் பார்த்து இடம் கொடுத்த காலம் அது. 2016-ல் முதல் கட்-ஆஃபிலேயே தமிழ்நாட்டுப் பிள்ளைகள் கூட்டமாகப் போய்ச் சேர்ந்தது டெல்லிப் பத்திரிகைகளில் செய்தியானது. 2022-ல் க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு வந்தது. அதோடு நம் ஸ்டேட் போர்டு மதிப்பெண்ணுக்கு அங்கே மரியாதை போயிற்று. இப்போது தேசியத் தேர்வு முகமை நடத்தும் தாள்களில் வாங்குவதுதான் கணக்கு: சரியான விடைக்கு ஐந்து, தவறுக்கு ஒன்று கழியும். கேள்விகள் என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை ஒட்டியவை. நம் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பாடம் ஏறக்குறைய ஒன்றுதான், அதை அவர்கள் கேட்கும் விதம்தான் வேறு.

ஸ்ரீராமில் பி.காம். ஆனர்ஸும் பொருளியல் ஆனர்ஸும்தான் இளநிலைப் படிப்புகள், பி.பி.ஏ. கிடையாது. நிர்வாகப் படிப்பு வேண்டுமானால் அதே பல்கலைக்கழகத்தின் கீழ் ரோகிணியில் இருக்கும் ஷஹீத் சுக்தேவ் கல்லூரியின் பி.எம்.எஸ். அதற்கு க்யூட்டில் மொழித்தாள், கணிதம், ஜெனரல் டெஸ்ட் என்ற பொதுத் திறன் தாள் என்று மூன்று தாள். கணிதத் தாளில் பொதுப் பகுதி போக மீதிக்குக் கணிதம், பயன்பாட்டுக் கணிதம் என்று இரண்டு பிரிவு உண்டு. வணிகக் கணிதம் படித்தவர்களுக்குப் பின்னது கொஞ்சம் பழகிய முகமாக இருக்கும். ஸ்ரீராமின் கட்டணம் நம்மூர்த் தனியார் கல்லூரியோடு வைத்துப் பார்த்தால் பயப்படும்படி இல்லை. செலவெல்லாம் தங்குவதற்குத்தான். விரும்பினால் நாலாவது வருஷமும் படிக்கலாம். நான்காண்டுப் பட்டம் கேட்கும் வெளிநாட்டு முதுநிலைப் படிப்புகளுக்கு அது உதவும். நம் மாநிலத்தில் மூன்று வருஷம்தான். டிசம்பர் குளிரும் ரொட்டியும் இந்தியும் உங்கள் பிள்ளைக்கு ஒத்துவருமா என்பதை அவரவர் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

சரி, பெரும்பாலோர் நிற்கும் சந்திக்கு வருவோம்: உள்ளூர் பி.காமா, தனியார் பி.பி.ஏ.வா?

என் ஆபீஸுக்குச் சில வருஷம் முன்பு ஒரே மாதத்தில் இரண்டு பேர் வேலைக்கு வந்தார்கள். பி.காம். முடித்த பெண், பி.பி.ஏ. முடித்த பையன். வங்கிக் கணக்கு ஒத்திசைவைக் கொடுத்தால் அந்தப் பெண் மதியத்துக்குள் முடித்து, விட்டுப்போன செக் எண்ணோடு கொண்டுவந்து வைப்பாள். பையனுக்கு டெபிட் எது கிரெடிட் எது என்றே இரண்டு நாள் பாடம் எடுத்தேன். இதுவரைக்கும் கேட்டால் என் பக்கம்தான் ஜெயம். ஆனால் மூன்று மாதமாக பில் கட்டு அனுப்பாமல் இழுத்தடித்த ஒரு பனியன் கம்பெனிக்காரரிடம் போனில் பத்து நிமிஷம் பேசி, மறுநாளே மூட்டையாக வரவழைத்தவன் அந்தப் பையன். என்னால் முடியாதது அது. இப்போது அவன் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் வாங்குபவர்களோடு பேசும் வேலையில் இருக்கிறான், என்னிடம் இருந்ததைவிட நன்றாகவே இருக்கிறான்.

பி.பி.ஏ.வை மட்டமாகப் பேச எனக்கு வாய் வராததற்கு அவன்தான் காரணம். ஆனாலும் என் ஓட்டு பி.காமுக்கே. பதினேழு வயதில் எடுத்த முடிவு இருபதில் கசந்தால் என்ன ஆகும் என்று பார்க்கிறேன். பி.காம். படித்தவர் தணிக்கையாளர் படிப்பான சி.ஏ. போகலாம், ஐம்பத்தைந்து சதவீதம் இருந்தால் அதன் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக இன்டர்மீடியட்டில் பதியலாம். வணிகப் பாடங்கள் போதுமான அளவு இல்லாத பட்டமென்றால் அந்த வாசலுக்கு அறுபது கேட்பார்கள். வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி., எம்.பி.ஏ., எம்.காம். எதற்கும் தடையில்லை. பி.பி.ஏ.வும் பட்டம்தான், பாதி வாசல் அதற்கும் திறக்கும். ஆனால் அது தனியே நின்று வேலை தருவது குறைவு. பின்னால் ஒரு எம்.பி.ஏ. வேண்டும். அதற்கும் சேர்த்துப் பணம் வைத்திருக்கிறீர்களா? வைத்திருந்தால், வீட்டில் சொந்தத் தொழில் இருந்தால் பி.பி.ஏ. எடுங்கள். இல்லையென்றால் முதல் பட்டத்தைச் சிக்கனமாக முடித்து, பணத்தை இரண்டாவது பட்டத்துக்கு வையுங்கள்.

சிக்கனம் என்றால் எவ்வளவு? திருப்பூரிலேயே சிக்கண்ணா அரசுக் கல்லூரியும் பெண்களுக்கு எல்.ஆர்.ஜி.யும் இருக்கின்றன. அரசுக் கல்லூரியில் வருஷச் செலவு சில ஆயிரத்துக்குள் அடங்கும். விண்ணப்பம் ஐம்பது ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு இரண்டு ரூபாய். தமிழ், ஆங்கிலம் தவிர்த்த நாலு பாடத்தின் 400 மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுவார்கள். அரசுப் பள்ளியில் படித்திருந்தால் பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் ஆயிரம் ரூபாய் வேறு வருகிறது.

அரசு உதவிபெறும் தனியார் கல்லூரிகளில் ஒரு சூட்சுமம். ஒரே கல்லூரி, ஒரே பி.காம்., ஆனால் உதவிபெறும் பிரிவுக்கு ஒரு கட்டணம், சுயநிதிப் பிரிவுக்குப் பல மடங்கு. சென்னையில் பல கல்லூரிகளில் இதை முதல் ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட் என்பார்கள். விண்ணப்பத்தில் எதை டிக் செய்கிறோம் என்று பார்க்காமல் பின்னால் புலம்புகிறவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். ஆனால் சி.ஏ. படிக்கும் பிள்ளைக்கு ஷிப்டே வரப்பிரசாதம்: பாதி நாள் கல்லூரி, பாதி நாள் கோச்சிங்.

பி.காம். (சி.ஏ.) என்று பார்த்ததும் சி.ஏ. சேர்ந்து வருகிறது என்று நினைத்துச் சேர்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். (சி.எஸ்.) என்றால் கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப். தணிக்கைப் பக்கம் போகிறவர்களுக்கு வெறும் பி.காம். போதும், அடைப்புக்குறி தேவையில்லை. பி.பி.ஏ. என்றால், 2024–25 முதல் அது தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. வளையத்துக்குள் வந்துவிட்டது. கல்லூரியில் அந்த ஒப்புதல் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அவள், "ரிசல்ட் வரட்டும் மாமா, பார்த்துக்கலாம்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. ரிசல்ட் மே மாதம். உள்ளூர்க் கல்லூரி விண்ணப்பங்கள் மட்டும்தான் அதை ஒட்டித் திறக்கும். க்யூட், ஐ.பி.எம். பதிவுகள் பொதுத்தேர்வுக் காய்ச்சலில் நாம் மூழ்கிக் கிடக்கும்போதே தொடங்கி முடிந்துவிடும். மே மாதம் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தால் நான்கு வழியில் இரண்டு காணாமல் போயிருக்கும்.

இன்னொரு சங்கடம் சான்றிதழ். நம்மிடம் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் உள்ளூர்க் கல்லூரிக்குச் செல்லும். டெல்லிக்கும் ஐ.ஐ.எம்.முக்கும் மத்திய அரசுப் படிவத்தில், வசதி வரம்பைத் தாண்டாதவர்களுக்கான ஓ.பி.சி. நான்-க்ரீமி லேயர் சான்றிதழ் தனியாக வேண்டும், அதுவும் அவர்கள் கேட்கும் நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். இ-சேவையில் போட்டு, வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று நகர்ந்து வர நாளாகும்.

கடைசியில் அவள் முடிவு: க்யூட் எழுதுகிறாள், ஐ.பி.எம். வேண்டாம், மே மாதம் எல்.ஆர்.ஜி.க்கும் கோவையில் இரண்டு உதவிபெறும் கல்லூரிகளுக்கும் பி.காம். போடுகிறாள். டெல்லி என்றதும் அக்கா முகம் வாடிவிட்டது. "ஹாஸ்டல் கிடைக்குமா, ரூம் எடுக்கணுமா?" என்று என்னைக் கேட்கிறாள். அதை விசாரிக்கிற பொறுப்பு இப்போது என் தலையில்.