தூதரகத்தின் கிங் கண்காட்சி: காலையிலேயே போய்விடுங்கள்

வெளிநாட்டுத் தூதரகம் ஒன்று மதுரையில் வைத்திருக்கும் மார்ட்டின் லூதர் கிங் படக் கண்காட்சியில் அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரப் போராட்டத்தைக் காட்டும் பகுதிதான் உருப்படி. நிறப்பாகுபாட்டை எதிர்த்து 381 நாள் பேருந்தைப் புறக்கணித்த கறுப்பின மக்கள் நடந்தும், முறைவைத்து ஓடிய கார்களில் ஏறியும் வேலைக்குப் போன ஏற்பாடு தெளிவாக இருக்கிறது. ஆனால் தமிழ்க் குறிப்பில் அந்தப் புறக்கணிப்பு ‘வேலைநிறுத்தம்’ ஆகிவிட்டது! வேலைக்குப் போகத்தானே அத்தனை பாடும்?

குறிப்புகளைப் பொடி எழுத்தில், முழங்கால் உயரத்தில் ஒட்டியிருப்பதால் குனிந்தே படிக்கணும். மாலையில் மேல்விளக்கு கண்ணாடிச் சட்டத்தில் அடித்து முகமே தெரியாது. உரை கேட்க முன்வரிசை பிடியுங்கள், பின்னால் வெறும் எதிரொலி.

காந்தி வழியைப் பின்பற்றிய கிங்கின் 1959 இந்தியப் பயணத்துக்கு ஒரே பலகை. 1921இல் காந்தி அரையாடைக்கு மாறியது இதே ஊரில். அதற்கு ஒரு வரிகூட இல்லை. தமுக்கம் பக்கத்துக் காந்தி மியூசியத்தையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.