ஜெர்மன் குடியுரிமைத் தேர்வு: அரசின் இலவசப் பயிற்சித்தளத்துக்கு நாலு நட்சத்திரம்

ஜெர்மன் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்களா? காசு கேட்கும் ஆப் எதையும் வாங்காதீர்கள். குடியேற்றத்தையும் அகதிகளையும் கவனிக்கும் அரசு அலுவலகமான பாம்ஃபின் (BAMF) இணையதளத்தில் எல்லாக் கேள்விகளும் இலவசமாகவே இருக்கின்றன. பொதுக் கேள்விகள் 300, உங்கள் மாநிலத்துக்கு 10. தேர்வில் வருவது 33. அதில் 17 சரியாக இருந்தால் பாஸ். நேரம் ஒரு மணி, கட்டணம் 25 யூரோ.

ஸ்டுட்கார்ட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ரயிலில் உட்கார்ந்தே முடித்துவிட்டேன். விடையைத் தட்டியதும் சரியா தவறா என்று காட்டிவிடுகிறது. எல்லாம் ஜெர்மன் மொழியில்தான்.

முதல் கேள்வியே பிடித்துப்போனது. அரசாங்கத்தை எதிர்த்து இங்கே வெளிப்படையாகப் பேசலாம், ஏன்? கொடுத்திருக்கும் விடைகள்: மதச் சுதந்திரம் இருப்பதால், வரி கட்டுவதால், ஓட்டுரிமை இருப்பதால், கருத்துச் சுதந்திரம் இருப்பதால். நம்ம ஊர் டீக்கடையில் கேட்டால் 'வரி கட்டுறோம்ல' என்பார்கள். விடை நான்காவது.

1913 சட்டப்படி இந்த நாட்டில் குடியுரிமை ரத்த வழி வருவது. வெளிநாட்டினருக்கு இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு நிபந்தனையோடு கதவு திறந்ததே 2000-இல்தான். 1979-இல் ஜெர்மன் அரசியல் அறிஞர் டோல்ஃப் ஷ்டெர்ன்பெர்கர் 'அரசியலமைப்பின் மீதான தேசப்பற்று' பற்றி எழுதினார். பிறகு தத்துவவாதி ஹாபர்மாஸ் அதைப் பெரிய விவாதமாக்கினார். இனத்தின் மேல் வைக்கும் பற்றைச் சட்டத்தின் மேல் வை என்பதுதான் சாரம். கேள்விகளில் பெரும்பகுதி இந்த வழியில்தான் போகிறது: அடிப்படை உரிமைகள், அரசியலமைப்பு நீதிமன்றம், போலந்தின் வார்சாவில் மேற்கு ஜெர்மனியின் பிரதமர் வில்லி பிராண்ட் மண்டியிட்டது ஏன்.

ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தது ஈஸ்டர் முட்டை பற்றிய கேள்வி. பண்டிகைக்கு முட்டையில் வண்ணம் பூசுவது தெரிந்தால்தான் குடிமகனா? சட்டம்தான் நம்மைச் சேர்க்கிறது என்று சொல்லிவிட்டு, பின்வாசல் வழியாகப் பண்பாட்டையும் உள்ளே விடுகிறார்கள். இன்னொன்று, குடியரசு என்பது கலந்துகொள்வது. நான்கில் ஒன்றைத் தட்டி அதை அளக்க முடியாது. 310-ஐயும் மனப்பாடம் செய்து, ஒரு வார்டு கூட்டத்துக்கும் போகாமல் முழு மதிப்பெண் வாங்கலாம்.

இந்தியர்களுக்கு ஒரு வார்த்தை: 2024 ஜூன் 27 முதல் ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது, இந்தியா ஏற்பதில்லை. ஜெர்மன் குடியுரிமை வந்ததும் நம் பாஸ்போர்ட்டை ஒப்படைத்தாக வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும் இந்தியாவில் ஓட்டு கிடையாது. இதை வீட்டில் பேசி முடித்துவிட்டுத் தேர்வுக்குப் பணம் கட்டுங்கள்.